காலியாகக் கிடந்த தண்ணீர்

மீஞ்சூர் கடையொன்றில் நேற்று குங்கிலிய வாசம் அடித்ததும், எழுபதுகளின் கடைசியில் ஆறுமுகம் மாமாவும் தேசம்மா அத்தையும் பழவேற்காடு ஏரிக்கரையில் கட்டிய ஜெபக் குடிசைக்குள் போய் நின்றேன். படகின் ஓட்டையை அடைப்பதுபோலவே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி, அதன் பலகைச் சுவரை அடைத்திருந்தார்கள். அந்தக் குடிசையும் எங்கள் குப்பமும் இன்று தண்ணீருக்குள்.

மீன் விற்கப்போன ஊரில் பாட்டுச் சத்தம் கேட்டு அத்தைதான் முதலில் சர்ச்சுக்குள் போனார். திட்டி இழுத்துவரப் போன மாமாவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குப்பத்தில் ஞாயிறுதோறும் அவர்களே ஜெபம் நடத்தினார்கள்.

ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்று குப்பமே பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பேர். ஒருவருக்குப் பாடு விழுந்த இடத்தில் இன்னொருவர் வலை இறக்கமாட்டார். இறால் கொட்டும் இடம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தும் மாமா போகவில்லை.

“இன்னா மச்சான், உன் சாமி வந்து வலை இழுக்குமா?” என்றார் என் நைனா.

அத்தை சிரித்தார். “அவருக்கும் இன்னிக்கு லீவுதாண்ணா.”

அடுப்பெரியாத வாரங்களிலும் அப்படித்தான். சுற்றிலும் வலைகள் நிற்க, நடுவில் அந்தத் தண்ணீர் மட்டும் வெறுமனே கிடக்கும். அதன்மேல் அவர்கள் இருவரும் பாடும் சத்தம் மிதந்து போகும்.

ஒரு ஞாயிறு காலையில் ஏரியில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. இரண்டாவது எங்களுடையது. வீட்டுக்கு ஓடினேன். நைனா வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.