ஒரு சாக்குக் குப்பைக்கு பஸ்ஸில் ஒரு இடம்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் நான். குப்பையைப் பற்றி எழுதி யாரைத் திருத்தப் போகிறேன்? ஆனால் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்ற பிளெக்ஸ் பேனர் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தில் இன்னும் கிழிந்து தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எரிச்சல் தாங்கவில்லை.

எனக்கு வேலை தென்காசியில் ஒரு பழைய இரும்புக் கடையில். அட்டை, பிளாஸ்டிக் எல்லாமும் எடுப்போம். தரம் பிரித்துச் சாக்கில் கட்டுவது என் வேலை. லோடு ஆட்டோ ஓட்டுவது என் கூட்டாளி.

போன குற்றாலச் சீசனில், அக்கா மகள் படிக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் குப்பையைக் குறைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி? ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சாக்கு பிளாஸ்டிக் குப்பை கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் குற்றாலம் போகிற பஸ்ஸில் இடம். ஐந்தருவி ஓரத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஆசைதீரக் குளித்துவிட்டு வரலாம். கொண்டுவராத பிள்ளை வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான். குப்பையைக் குறைக்க நிறையக் குப்பை வேண்டும் என்று கண்டுபிடித்த மூளைக்கு மாலைதான் போட வேண்டும்.

அக்கா மகள் ஐந்தாவது. கூடப் படிக்கிறவர்களோடு அருவியில் நிற்க வேண்டுமென்று நாலு நாளாக அதே பேச்சு. ஆனால் அக்கா வீடு அப்படிப்பட்ட வீடு. கடைக்கு ஒயர் கூடை, எண்ணெய் வாங்கத் தூக்குச்சட்டி. வீட்டையே புரட்டிப் போட்டும் மூன்று பால் கவரும் ஒரு பிஸ்கட் உறையும்தான் கிடைத்தன.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா புது ஷாம்பு பாக்கெட்டுகளை வாளியில் பிழிந்து ஊற்றிவிட்டுக் காலிப் பாக்கெட்டைச் சேர்த்தார். அப்பாமார் அவ்வளவு சிரமப்படவில்லை. நேரே எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள்.

“ஏலே, நல்ல குப்பையா ஒரு சாக்கு குடு” என்றார் பைக்கில் வந்த ஒருவர்.

“நல்ல குப்பைன்னா எப்படி அண்ணாச்சி? கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரியா?”

“கிண்டலாலே? நாத்தம் அடிக்கக் கூடாது. பிள்ளை கையால தூக்கணும்லா.”

இதே அண்ணாச்சி குற்றாலத்தில் குளித்துவிட்டு எண்ணெய்ப் பாக்கெட்டைப் பாறை இடுக்கில் சொருகியதை நான் பார்த்திருக்கிறேன். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே, வந்தவருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் கடையில் பிளாஸ்டிக் துடைத்துவிட்ட மாதிரி காலி. அதற்குப் பிறகுதான் அக்கா மகள் வந்து நின்றாள்.

“மாமா, எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கலையா?”

எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்ல முடியுமா?

“உங்கம்மைட்ட சொல்லு, நாளையில இருந்து கூடையத் தூக்காம கடைக்குப் போவச் சொல்லி” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில், சேர்ந்த குப்பையை எடுத்துப் போகச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் கடைக்கே போன் வந்தது. நான் கட்டின சாக்குகளை நானே ஏற்றினேன். அந்தப் பக்கம் மைக்கில் பிளாஸ்டிக்கைத் திட்டித் தீர்த்தார்கள். கேட்டவர்களுக்கு பிளாஸ்டிக் டம்ளரில் ஜூஸ். பஸ் வாசலில் டீச்சர் நோட்டோடு நின்றார். அவர் முன்னால் அக்கா மகள், கையில் அந்த நாலு கவரோடு.

நான் போய்க் கேட்டேன். “டீச்சர், இவ வீட்ல குப்பையே கெடையாது. நீங்க சொல்லித் தாரதே அதுக்குத்தான?”

“அதெல்லாம் சரி தம்பி. சாக்கு இல்லாம ஏத்துனா மத்த பிள்ளைகளுக்கு நியாயமா?”

நியாயமாம்! அவர் அடுத்த பிள்ளையிடம் திரும்பியதும், அவரே எண்ணி முடித்த சாக்கு ஒன்றை ஆட்டோவிலிருந்து இறக்கி அக்கா மகள் காலடியில் வைத்தேன். திரும்பிப் பார்த்த டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“கொண்டாந்துட்டியே! உங்க வீட்டுதுதானம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா டீச்சர்” என்றாள்.

நோட்டில் பெயர் ஏறியது. அவளும் ஏறினாள். பஸ் குற்றாலம் ரோட்டில் திரும்பும்வரை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியாலே, ஒரே சாக்க ரெண்டு தடவ எண்ண வச்சிட்டேன். இவங்கதாம்லே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்காங்க!”

கூட்டாளி ஆட்டோவில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னான்: “அவ உனக்குக் கை காட்டலையேலே.”