துண்டுக்குப் பின்னால் ஒரு வாய்

வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே, ஒரு மனிதரின் வாயை நான் மூடவைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது. போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இனியும் உங்களிடம் மறைக்க முடியாது.

கன்னியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம் என் கிளினிக்குக்கு வந்தார். புழுக்கம் தாங்காமல் நடுவில் தொங்கும் திரையை நான் சுருட்டிக் கட்டியிருந்தேன். காத்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

உட்காருவதற்கு முன் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தவர் எழுந்துபோய் இன்னொரு செம்பு குடித்தார். தோளில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. வாயைத் திறந்தார்... ஈறு முழுக்க வீக்கம், அங்கங்கே சீழ், தொட்டால் ஆடும் பற்கள். நாக்கு வறண்டு கிடந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன கேட்டேன் தெரியுமா?

“என்னய்யா இது, பல் விளக்குற பழக்கமே கிடையாதா?”

“வெளக்கிக்கினுதான் கீறேன் சார்...”

“இந்த நாத்தத்துல நான் எப்படிக் கை வைக்கிறது? சுத்தமா விளக்கிட்டு அடுத்த வாரம் வா.”

பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மூட்டைக்கு அடிக்கிற மருந்த கொஞ்சம் வாய்க்கும் அடிச்சிக்கினு வா நைனா!”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னியப்பன் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் வரவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ‘சர்க்கரை இருக்கா?’ கல்லூரியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான் — வாயைப் பார்க்குமுன் ஆளைப் பார். தாகம், மெலிவு, மருந்து மாத்திரை, ஆறாத புண் எல்லாவற்றையும் விசாரி. பிறகு நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு. பல் கடைசியில். நானோ பல்லிலேயே தொடங்கி அங்கேயே முடித்துக்கொண்டேன்.

அடுத்த அறுவடை முடிந்து அவர் மனைவி பல்வலியோடு வந்தார். அவர் சொல்லித்தான் தெரியும்.

“நீ சொன்னதுலேர்ந்து செங்கல் தூளு வச்சி தேச்சிக்கினே கெடந்தாரு சார். ரத்தமா கொட்டும். ‘டாக்டரே சொல்லிட்டாரு, அழுக்கு வாயி’ன்னு யாராண்டயும் பேசமாட்டாரு. அப்பால கால்ல முள்ளு குத்தி, ஆறவே இல்ல. பெரியாஸ்பத்திரில ரெண்டு வெரலு எடுத்துட்டாங்கோ. சுகராம். ரொம்ப நாளா கீதாம்.”

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டு வாய்க்குப் போனது.

“கன்னியப்பன், தப்பு என்னுது. அது அழுக்கு இல்ல, வியாதி. அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்.”

“வுடு சார். எனுக்கே தெரியாது, உனுக்கு எப்டி தெரியும்?”

“தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தானே படிச்சேன்.”

துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை காத்திருந்தோம். ஆடிய பற்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஈறு ஆறியபின் என் கையாலேயே பல் செட் செய்து மாட்டினேன். கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சின்ன வயசு கன்னியப்பன் மாரி கீறான் சார்” என்றார். அதையும் துண்டுக்குள்ளிருந்துதான் சொன்னார்.

இப்போது எனக்கு மதியத் தூக்கத்தில் வாய்கள் வருகின்றன. ஏரி நிரம்பிக் கிடக்கிறது. கரை நெடுக ஆட்கள் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய் “சர்க்கரை இருக்கா? தாகம் எடுக்குதா?” என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே கேட்பதில்லை. தண்ணீர் மட்டும் அலம்பிக்கொண்டே இருக்கிறது...

விழித்திருக்கும்போது குரல் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆளை விசாரிக்காமல் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. திரையையும் சுருட்டுவதில்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். காலைப் பனி இன்னும் கலையவில்லை. டீக்கடை நீராவிக்குள் பழைய மண்டிக்காரர்கள் நாலைந்து பேர். நடுவில் கன்னியப்பன். ஏதோ கதை சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மாட்டிய பற்கள் முழுவதும் தெரிந்தன. கனவில்தான் நிற்கிறோமோ என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

“வா சார், நல்லா கீறியா? டீ சாப்புடு.”

கோபமே இல்லாத குரல். ஆனால் துண்டு ஏற்கெனவே வாய்க்கு வந்துவிட்டிருந்தது.

அவர் சிரிப்பு ஊருக்குத் திரும்பிவிட்டது... எனக்கு மட்டும் இன்னும் இல்லை.