சுவரைப் பார்த்த ஆறு படங்கள்

என் படத்தை ஒருத்தர் காசு கொடுத்து வாங்கினால் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா? முதல் படம் போனபோது சந்தோஷப்பட்டேன். மூன்றாவது போனபோது லேசாக உதைத்தது. ஏழாவதையும் அந்த இத்தாலிக்கார அம்மாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். காரணம் வேறொன்றுமில்லை, என் படங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான் டிராயிங் மாஸ்டர். பரீட்சை நெருங்கினால் என் வகுப்பையெல்லாம் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், பிள்ளைகள்கூட வருத்தப்பட்டதில்லை. சாயங்காலத்தில் ஆயில் பெயின்டிங். கான்வாஸ் வாங்கக் கட்டுப்படியாகாது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனாரிடம் காடாத் துணி மூட்டையாகக் கிடந்தது. அதைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வெள்ளை பூசி, அதன்மேல் வரைவேன்.

அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். பீச்சுக்குப் பின்னால் மஞ்சள் சுவர் போட்ட ஒரு பெரிய வீட்டில் தனியாகக் குடியிருந்தார். அவருடைய தாத்தா டயர் கம்பெனி வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு. இல்லை, சேமியா கம்பெனி என்று இன்னொரு பேச்சு. எதுவானாலும் ஒரே வாரிசு இவர்தான், சொத்தையெல்லாம் கலைஞர்களுக்கு வாரி விடுகிறார் என்றார்கள். காக்காய்க்குப் பீங்கான் தட்டில்தான் சோறு வைப்பார். ஒருநாள் நாதஸ்வரக்காரர் ஒருவரைப் பிள்ளைச்சாவடிக்கு அழைத்துப்போய், கடலைப் பார்த்து உட்காரவைத்து மீன்களுக்குக் கச்சேரி நடத்தினார். அன்றைக்கு வலையில் ஒன்றும் விழவில்லை என்று மீனவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்படியானால் மீன்கள் நின்று கேட்டிருக்கின்றன என்று அம்மாளுக்கு ஒரே ஆனந்தம்.

அப்பேர்ப்பட்டவர் உடைந்த இங்கிலீஷில் என்னிடம் சொன்னார்: வேலையை விட்டுவிடு, என் வீட்டுக்கு வந்து வரை, அறை, வர்ணம், சம்பளம் எல்லாம் நான் தருகிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

வெள்ளிக்கிழமையே ராஜினாமாக் கடிதத்தை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “திங்கக்கெழம பிரேயர் பெல் வரைக்கும் இது என் பையில இருக்கும் சார். அப்புறம் மேனேஜ்மென்ட்டுக்குப் போயிடும். போனா நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, ஏழு படத்துல ஒண்ணையாச்சும் அவங்க வீட்டுச் சுவத்துல பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. போனபோதெல்லாம் வராந்தாவோடு சரி. ஆனால் வாசலில் பெரிய பெரிய மரப்பெட்டிகள் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னதுதான் தப்பு.

“போச்சு! சாமி சிலையை நடுவுல வச்சு, சுத்தி உங்க படத்த அடுக்கி அனுப்புறாங்க. கஸ்டம்ஸ்காரன் பெட்டியத் தொறப்பான், உங்க படத்தப் பாப்பான், ஒடனே மூடிடுவான்.”

பெண்டாட்டி சொன்னதில் எது என்னை அதிகமாகக் காயப்படுத்தியது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலையில் அந்த வீட்டுக்கு எதிர்வரிசையில் நின்று, பேப்பர் படிக்கிறமாதிரி உளவு பார்த்தேன். கால் மணி நேரத்தில் அம்மாளுடைய சமையல்காரர் ரோட்டைத் தாண்டி வந்து என் கையில் ஒரு காபியைக் கொடுத்துவிட்டுப் போனார். என் உளவு வேலை அந்த லட்சணத்தில் இருந்தது.

தனியாகக் கேட்கத் தைரியமில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா; அப்படிச் சொன்னால்தான் தெருவுக்குத் தெரியும். நேரில் முசே, அதாவது ஐயா. அம்மாளுடைய இங்கிலீஷும் என்னுடையதும் இதற்குப் போதாது, அம்மாளுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும் என்பதால் பேச அவரைக் கூப்பிட்டேன். அவர் கோட்டு மாட்டி, இரண்டு மெடலையும் குத்திக்கொண்டு வந்தார்.

“எதுக்கு முசே மெடலு?”

“கடத்தல்காரின்னு சொன்ன இல்ல? பாத்தா பயம் வரணும் தம்பி.”

அம்மாள் பயப்படவில்லை. மெடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை நேரே கூடத்துக்கு அழைத்துப்போனார்.

ஏழு படமும் அங்கேதான் இருந்தன. ஆறு, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி. ஒன்று மட்டும், நான் வரைந்த ஆட்டுக்குட்டி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பிய படங்களின் முதுகில் மில்லின் கிளி முத்திரை. அதைச் சுற்றி ஊதா மசியில் சின்னச் சின்னக் கிறுக்கல்கள். என் மாமனார் மில்லில் துணியைச் சோதித்து முத்திரை போடுகிறவராக இருந்தார். குறை இருக்கிற இடத்தில் அடையாளம் வைக்கவேண்டும். எண்ணெய்க் கறையென்றால் குடை, நூல் அறுந்திருந்தால் நண்டு, ஓட்டையென்றால் மீசை வைத்த கிளி. மற்றவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். இவர் இப்படிப் போட்டார். கழித்துப்போட்ட துண்டுகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

அம்மாள் அவற்றின் முன் நின்று நிறையப் பேசினார். சொல்தா தொண்டையைக் கனைத்தார்.

“தம்பி, இதுமாதிரி இதுவரைக்கும் பாத்ததில்லையாம். இந்தப் பின்பக்கத்துப் படத்துக்காகத்தான் உன்னை வரச் சொல்றாங்களாம். முன்பக்கம் நீ பூசுறது துணி விறைப்பா நிக்கிறதுக்கான்னு கேக்குறாங்க.”

நான்தான் வரைந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சம்பளம், அறை, எல்லாம் உண்டு. சத்தியமாக ஒரு நிமிஷம் யோசித்தேன். மாமனாரைக் காலம் முழுக்க மாடியில் ஒளித்துவைக்கவேண்டுமே என்ற கவலையில்தான் உண்மையைச் சொன்னேன்.

பிறகு ஆட்டுக்குட்டியைக் காட்டி, “இது மட்டும் ஏன் இப்படி?” என்றேன்.

அம்மாள் ஒரு வரியில் பதில் சொன்னார். சொல்தா கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். “இது ஒண்ணு முன்பக்கமே நல்லாருக்காம்.”

அது போதும் எனக்கு. ஒரு ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு வேலையை விடலாம் என்று வீடு வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கேட்டதும் மாமனார் சிரிக்கவில்லை.

“அந்தத் துணி என்னுது இல்ல மாப்ள. மூட்டை தீந்துபோச்சுன்னு நீங்க கடையில வாங்கினது. பின்னாடி வெறும் வெள்ளையா இருக்கும்.”

அம்மாள் நிஜமாக என்ன சொன்னார் என்று சொல்தாவைப் போய்க் கேட்டேன். “எனக்குப் பிரெஞ்சு அவ்வளவா ஞாபகமில்ல தம்பி” என்று மெடலைத் துடைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை பிரேயர் பெல்லுக்கு முன்னால் ஓடினேன். ஹெட்மாஸ்டர் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். “ஞாயித்துக்கெழமயே வீட்டுக்கு வருவீங்கன்னு பாத்தேன் சார்.”

அம்மாள் விடவில்லை. மாமனாருக்கு ஒரு கட்டு உயர்ந்த துணி வாங்கி அனுப்பினார். அவர் கண்ணாடியைப் போட்டு, அங்குலம் அங்குலமாக ஒரு பகல் முழுக்கச் சோதித்தார். “குறையே இல்ல. நல்ல துணியில குறி போடுறது தப்பு” என்று மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று அம்மாள் இன்னும் கிறங்கிப் போனார்.

அந்த வாரமே நான் புதிதாக ஒரு படத்தை முடித்தேன், கடலில் சூரியன். மாமனார் அதை முன்பக்கமாக வெகுநேரம் பார்த்தார். பேனா கேட்டார். சூரியனுக்குக் கீழே, மூலையில், சின்னதாக ஒரு குடை போட்டார்.

அதையும் அம்மாள் வாங்கிக்கொண்டு போனார். முன்பக்கமாகத்தான் மாட்டியிருப்பார்.