மடிக்காத இலை

பூவாத்தாளுக்கு லேசில் யாரையும் நம்ப வராது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை வீட்டுச் சொம்பில் ஊற்றி இன்னொரு தரம் பார்ப்பாள். கோயிலில் பூசாரி வாக்குச் சொன்னால், அடுத்த ஊர்க் கோயிலுக்கும் போய் அதையே கேட்டுவிட்டுத்தான் வருவாள். சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. எத்தனை சுற்று ஆயிற்று என்று மெஷினே காட்டும். இருந்தாலும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று விட்டுப்போனால் மோட்டார் புகைந்துபோகும், மெஷினா வந்து பதில் சொல்லும் என்பாள். அப்படிப்பட்டவள் தலையில்தான், இன்னொருத்தர் வாயையும் வயிற்றையும் நம்பியே தீர வேண்டிய காரியம் வந்து விழுந்தது.

அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி லேத் பட்டறையில் நின்றே காலம் தள்ளியவர். ஒரு சொட்டு சாராயம் தொட்டவரில்லை. எப்போதோ வந்த காமாலையைச் சரியாகப் பார்க்காமல் விட்டது உள்ளுக்குள்ளேயே இருந்து கல்லீரலைத் தின்றுவிட்டது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, கால் வீங்கி, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். சொந்தத்தில் யாராவது கல்லீரலில் ஒரு பங்கு அறுத்துக் கொடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பூவாத்தாள்தான் முதலில் கையை நீட்டினாள், ரத்தம் சேரவில்லை. மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மிச்சம் இருந்தது ஈஸ்வரமூர்த்தியின் தம்பி சரவணன் ஒருத்தன். யாரும் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே, நான் தருகிறேன் என்று சொன்னவன் அவன்.

சரவணன் பம்புசெட்டுக் கம்பெனிக்காக ஊர் ஊராக வண்டியில் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பவன். நல்ல சரீரம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவன் ஈரலிலும் கொழுப்பு ஏறிக் கிடந்தது. இதை வெட்டி வைக்க முடியாது, எடையைக் குறைத்துக் கொழுப்பை இறக்கிக்கொண்டு வாருங்கள், நாள் குறிக்கலாம், ஆனால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். அங்கேயே ஒரு பெண் அவன் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். என்ன சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று தட்டினால் அது கலோரிக் கணக்குச் சொல்லும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் போகக்கூடாது என்றாள்.

வீட்டுச் சோறு என்றால் பூவாத்தாளே பக்கத்தில் உட்கார்ந்து அளந்துவிடுவாள். ஆனால் அவன் மத்தியானச் சாப்பாடெல்லாம் வெளியில்தான். அன்னூர், காரமடை என்று சுற்றுகிறவன், பெரும்பாலும் அன்னூரில் மாசாணியம்மாள் மெஸ்ஸில்தான் உட்காருவான். டப்பாவில் கட்டித் தருகிறேன் என்று பூவாத்தாளும் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர்கள் வா சாப்பிடலாம் என்று கையைப் பிடித்து இழுக்கும்போது, நான் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் மரியாதையாக இருக்குமா, ஆர்டர் பேசுவதே இலை முன்னால்தானே என்றான். வேண்டுமானால் பரிமாறியதும் இலையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றான்.

முதல் நாள் போட்டோ வந்தது. அரிசிம்பருப்புச் சாதம் கொஞ்சம், கீரை, மோர். பூவாத்தாள் சோற்றைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் பார்த்தாள். பின்னால் பலகையில் மெஸ்ஸின் போன் நம்பர் எழுதியிருந்தது. மகளை விட்டுப் படத்தைப் பெரிதாக்கி, நம்பரைப் படிக்கச் சொல்லி, அப்போதே கூப்பிட்டுவிட்டாள். சரவணன் என் வீட்டுக்காரருக்கு ஈரல் தரப்போகிறார், அவருக்கு நெய் ஊற்றாதீர்கள், எண்ணெய் காட்டாதீர்கள், இரண்டாவது தரம் சோறு போடாதீர்கள், நான் போன் செய்ததையும் அவரிடம் சொல்லாதீர்கள் என்று அடுக்கினாள். அந்தப் பக்கம் மாசாணியம்மாள், "ஆகட்டுங்க அம்மிணி, நாம் பாத்துக்கறேன்" என்று வெல்லக்கட்டியாகச் சொன்னாள்.

தினமும் போட்டோ வந்தது. ஆப்பும் கணக்குத் தப்பவில்லை என்றது. சனிக்கிழமை தோறும் மருந்துக்கடை எடை மெஷினில் அவனை ஏற்றினாள். முள் நகரவில்லை. மெஷின் மேல் சந்தேகம் வந்து, தானே ஏறிப் பார்த்தாள். பிறகு பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போய், தகரமும் கம்பியும் நிறுக்கிற தராசில் அவனை நிற்க வைத்தாள். கடைக்காரர், என்ன விலைக்குப் போடறீங்க என்று கேட்டதற்குச் சரவணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தத் தராசும் அதையேதான் சொன்னது.

கட்டிலில் கிடந்தவருக்கு நாளுக்கு நாள் கண் மஞ்சளேறிக்கொண்டிருந்தது. ராத்திரியில் பேச்சுக் குழறியது. ஒரு நாள் மகள் பேரையே மாற்றிக் கூப்பிட்டார்.

இனிமேல் யாரைச் சந்தேகப்படுவது? மெஷின் மேல் தப்பில்லை, தராசு மேலும் தப்பில்லை. ஆப்பைச் சந்தேகப்பட்டாள்: போனுக்கு என்ன நாக்கா இருக்கிறது ருசி பார்க்க? அப்புறம் சரவணன் பெண்டாட்டியை, ஓரகத்தி சண்முகப்பிரியாவை. இரண்டு குழந்தைகளை வைத்திருக்கிறவள், புருசன் வயிற்றைக் கிழிக்க மனசார விடுவாளா? போட்டோ எடுத்து முடித்ததும் இன்னும் நாலு வாங்கிச் சாப்பிடச் சொல்லியிருப்பாள். கடைசியில் சரவணனிடமே வந்து நின்றது மனசு. நான் தரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவன், உடம்பைக் குறைக்காமலே விட்டுவிட்டால் போதுமே! டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பழியும் இல்லை.

ஒரு நாள் வீட்டில் சாப்பிட்ட இலையை எடுக்கும்போது அவளுக்கு ஒன்று தட்டியது. இவன் அனுப்புவதெல்லாம் சாப்பிடுவதற்கு முன்னால் உள்ள இலை. சாப்பிட்ட இலையை யாரும் பார்ப்பதில்லை, எழும்போதே மடித்துவிடுகிறோம். அன்றைக்குப் போன் போட்டு, "தம்பி, இனிமே சாப்பிட்டு முடிச்ச எலையையும் மடிக்காம ஒரு போட்டோ எடுத்து அனுப்பிப்போடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்காமல், சரிங்க நங்கையா என்றான். அண்ணியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மார்கழி மாசம், அன்னூர்ப் பக்கம் நல்ல குளிர். மத்தியானம் படம் வந்தது. கருவேப்பிலை, மிளகாய்க் காம்பு, நாலு பருக்கை. இலையின் நடுவில், சோறு இருந்த இடத்தில், வெள்ளையாக ஏதோ உறைந்து மினுங்கியது. நெய்! ஊற்றியது ஒரு கரண்டிக்குக் குறையாது. திருட்டுத்தனமாக நெய் தின்கிறவன் இலையை இப்படியா விரித்துக் காட்டுவான் என்று பூவாத்தாளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் அன்னூருக்கு பஸ் ஏறினாள். மெஸ்ஸுக்குள் போய், தூணுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சரவணன் வந்தான். கை கழுவினான். இலை போட்டார்கள். மாசாணியம்மாள் தானே வந்தாள், வாட்டசாட்டமான பொம்பளை. இடுப்பு மறைவில் இருந்த சின்னக் கிண்ணத்தை வெறும் இலையில் ஒரு கவிழ்ப்புக் கவிழ்த்து, அதை மூடி மேலே சோற்றை வைத்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். சரவணன் அப்போது தலையைக் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தான்.

பூவாத்தாள் எழுந்து போய் அந்தச் சோற்றைக் கையால் ஒதுக்கினாள். அடியில் நெய் குளமாக நின்றது.

"நங்கையா, நீங்க எங்கீங்க இங்கே?" என்று சரவணன் பதறி எழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மாசாணியம்மாளைத்தான் பார்த்தாள். நான்தான் போன் செய்தவள், சொல்லச் சொல்ல ஆகட்டும் ஆகட்டும் என்றீர்களே, இதென்ன வேலை என்று கேட்டாள்.

மாசாணியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்கதானா அது? அம்மிணி, ஈரலை அறுத்துக் குடுக்கப்போற மனுசனுக்கு நெய் ஊத்தாதே, சோறு போடாதேன்னு ஒருத்தி சொல்றா. அவருகிட்டச் சொல்லாதேன்னும் சொல்றா. நான் என்னன்னுங்க நெனைக்கறது? கோயில் நோம்பிக்கு வெட்டற கெடாய்க்குக்கூட நாலு நாள் நல்லாத் தழை போடுவாங்க. இவரைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போறாங்கன்னுதான் நெனச்சேன். தெம்பில்லாம மேசை மேல படுத்தா எந்திரிக்க வேண்டாமுங்களா?"

அவள் கண்ணில் பொய் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். கொழுப்பு இறங்கினால்தான் வெட்டுவார்கள், வெட்டினால்தான் என் வீட்டுக்காரர் பிழைப்பார் என்று பூவாத்தாள் சொன்னாள். அதை அன்றைக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்றாளே தவிர, அவன் ஈரலில் கொழுப்பு ஏறியிருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று அப்போதும் ஒரு சந்தேகம். மாசாணியம்மாள் கரண்டியைச் சோற்றுக்குள் போட்டுவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் வண்டி பக்கத்தில் நின்றபோது பூவாத்தாள் சரவணனிடம், நெய் ருசி தெரியவில்லையா என்று கேட்டாள். பருப்பு புதுசு, அதுதான் இந்த மணம் என்று அந்த அம்மா தானாகவே சொன்னதாகச் சொன்னான். பிறகு வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரிஞ்சுதுங்க நங்கையா. கேட்டா நின்னுபோயிருமோன்னு கேக்காம இருந்துபோட்டேன். எடை எறங்காதப்ப எனக்கே எம்மேல சந்தேகமாப் போச்சு. கேக்காம இருக்கறது நாக்குக்கா, இல்ல உள்ளுக்குள்ள குடுக்க இஷ்டமில்லையான்னு."

அவள் இவ்வளவு நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவன் வாயாலேயே வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. மெஷினைக் கேட்டாள், தராசைக் கேட்டாள், இலையைக் கேட்டாள். இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பயமா இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க."

"நானும் உம்மேல சந்தேகப்பட்டேன். அதுக்குத்தான் பஸ்ஸேறி வந்தேன்."

"அது தெரியுமுங்க" என்றான் அவன். "இல்லீன்னா இரும்புக் கடைத் தராசுல எதுக்கு நிக்க வெச்சீங்க?"

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. பயமாக இருந்தால் வேண்டாம் என்று இப்பவே சொல்லிவிடு, நான் பழி சொல்லமாட்டேன் என்றாள். பயம் பயமாகவே இருக்கட்டும், அண்ணனுக்கு நான் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு மாசாணியம்மாள் அவனுக்கென்று ஒரு சின்னப் பானையில் தனியாகச் சோறாக்கினாள். அவன் சாப்பிட்ட இலையை விரலால் வழித்து, அந்த நெய் ஒட்டாத விரலையும் சேர்த்துப் படம் எடுத்து பூவாத்தாளுக்கு அனுப்பினாள். மருந்துக்கடை மெஷினில் முள் இறங்க ஆரம்பித்தது. தை கழிந்து எடுத்த ஸ்கேனில் கொழுப்பு இறங்கியிருந்தது. டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மாசாணியம்மாளே போன் செய்தாள். ஆப்பரேசன் முடிந்து எத்தனை நாளில் நெய் ஊற்றலாம் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பூவாத்தாள்.

"நெசமாக் கேப்பீங்களாங்க?" என்றது அந்தப் பக்கம். "நீங்க கேட்டுச் சொல்ல வேண்டாமுங்க அம்மிணி. டாக்டரு வாயாலயே எனக்குச் சொல்லச் சொல்லுங்க."

பூவாத்தாளுக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். மகளைக் கூப்பிட்டு, மாசாணியம்மாள் நம்பரை டாக்டருக்குக் கொடுக்க ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னாள். எழுதியதும், இன்னொரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள்.