அப்பா கழற்றிய கதவுகள்

செராஸில் நான் மட்டும் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைக்கு நேற்று புதுக் கதவு மாட்டினார்கள். ஈரச் சாயத்தின் வாசனை மூக்கில் ஏறியதும், பிரிக்பீல்ட்ஸில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் போய் நின்றேன்.

அப்பா ரயில்வே குமாஸ்தா. ரயில்வே ஊழியர்கள் ஆண்டுக்கொருமுறை மண்டபத்தில் போடும் சிரிப்பு நாடகத்துக்கு மேடை அமைப்பவரும் அவர்தான். அட்டைக் கதவை அடித்துச் சாத்தினால் சத்தம் வராது, சத்தம் வராவிட்டால் சனம் சிரிக்காது என்று சொல்லி, ஒத்திகை தொடங்கியதும் எங்கள் வீட்டுக் கதவுகளையே கழற்றி லோரியில் ஏற்றிவிடுவார்.

"ஏங்க, குளிக்கிற ரூம் கதவயாச்சும் விட்டுட்டுப் போங்க" என்பார் அம்மா.

"அதுக்குப் பின்னாலதான் ஹீரோ ஒளியிறான்லா!"

அந்த வாரங்களில் கதவில்லாத வாசல் நிலைகளில் தொங்கும் அம்மாவின் பழைய சேலைகள் ரயில் போகும்போதெல்லாம் உப்பி அடங்கும். தாளிக்கும் வாசனையும், அக்காவின் முணுமுணுப்பும், அப்பா மனப்பாடமாகச் சொல்லிச் சிரிக்கும் வசனங்களும் எல்லா அறைகளுக்கும் பொதுவாக இருக்கும். கோபித்துக்கொண்டு தனியே போய் உட்கார யாருக்கும் இடமிருக்காது. நாடகம் முடிந்ததும் அப்பா அவசரத்தில் கதவுகளை இடம் மாற்றி மாட்டிவிடுவார். ஒரு பக்கம் மேடைக்காகப் பூசிய நீலச் சாயத்தோடு, எதுவும் சரியாகச் சாத்த வராமல் அவை ஆண்டு முழுக்கக் கிறீச்சிடும்.

இந்தப் புதுக் கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொள்கிறது. இன்று காலை அதை அகலத் திறந்து, பலம் கொண்ட மட்டும் அறைந்து சாத்தினேன். சுவர் அதிர்ந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.