பதினாறு வருட அனுபவமும் ஒரு ஷட்டரும்

கிரைண்டிங் மெஷினைப் பொறுத்தவரை ஓசூரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அதில் பெரிய பொய்யும் இல்லை. விருதுநகரிலிருந்து வந்து பதினாறு வருடம் அதே வேலை. சத்தத்தைக் கேட்டே சாணைக்கல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

செல்போன் எங்கள் ஷிப்டில் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட வருடம், மார்கழி மாதம். காலை ஷிப்டில் மட்டும், மெஷினில் தேய்த்தெடுக்கும் ஷாஃப்டு என்ற இரும்புத் தண்டுகள் அளவு மாறி ரிஜெக்ட் ஆயின. கல்லை மாற்றினேன். பேரிங்கை மாற்றினேன். வெளியிலிருந்து இன்ஜினியரைக் கூப்பிடலாமா என்று மேனேஜர் கேட்டார். தேவையில்லை என்றேன். மூன்று வாரம் போயிற்று.

பீஸ்களைத் துடைத்து டிரேயில் அடுக்கும் வேலையில் பாகலூர்ப் பெண் ஒருவர் இருந்தார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "லாரி வந்து ஷட்டரத் தூக்குனா, அப்பறம் வர்ற பீஸுதாண்ணா கெட்டுப் போவுது."

"நீ டிரேயப் பாரும்மா, மெஷின நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் டிரே அடுக்கப் போய்விட்டார்.

கழற்ற இனி எதுவுமில்லை என்று ஆனபிறகு, ஒரு காலை சும்மா நின்று பார்த்தேன். லாரி வந்தது. ஷட்டர் ஏறியது. பனிக்காற்று நேராக மெஷின்மேல் அடித்தது. அடுத்து வந்த பத்துப் பீஸும் அளவு தவறியிருந்தன. ஷட்டரை இறக்கிய அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது.

சூடும் குளிரும் இரும்பின் அளவை மாற்றும் என்பது எனக்குத் தெரியாததா? பழகுநர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் பீஸ் கெட்டால் என் கண் மெஷினுக்குள்தான் போகும். வெளியே போய்ப் பழக்கமில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"கண்டுபிடிச்சதெல்லாம் இல்லண்ணா. ஷட்டர் தெறந்தா எனக்குக் கை வெறைக்கும். அப்பத்தான் ரிஜெக்ட் டிரேயும் ரொம்புது."

மேனேஜரிடம் கூட்டிப்போய், காரணத்தைச் சொன்னது இவர்தான் என்றேன். அப்படிச் சொல்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஷட்டருக்கு உள்ளே கனமான பிளாஸ்டிக் திரை மாட்டினோம்.

பிறகு அவர் அளவு பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இரண்டே மாதத்தில் இன்ஸ்பெக்ஷன் மேசைக்கு மாறினார். முதல் வாரமே என் பீஸ் இரண்டைத் திருப்பி அனுப்பினார். வாதாடத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். அவர் சொன்னது சரி.