லேஸ் வைத்த உறை

மதுரைவீரனுக்கு அந்தத் துணி உறைகளின் மேல் வருசக்கணக்கில் ஆத்திரம். அரியலூரில், டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டிகளுக்கு ரிப்பேர் கடை போட்ட நாளிலிருந்து அவன் பேரைக் கெடுத்தவை அவைதான்.

தைத்தவர் எதிர்க்கடை விண்ணரசி. ஏலாக்குறிச்சிக்காரர். புருசன் அமிர்தசாமி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, நெஞ்சு முழுக்கத் தூசி அடைத்துச் செத்தவர். அதிலிருந்து மிக்சி, டிவி, எதைக் கண்டாலும் உறை. லப்பைக்குடிக்காட்டு ஆட்கள் துபாயிலிருந்து கேம் பெட்டி கொண்டுவந்ததும் அதற்கும் அளவெடுத்துவிட்டார். பூப்போட்ட துணி, ஓரத்தில் லேஸ், இறுக்கிப் பிடிக்க எலாஸ்டிக். விளையாடும்போதுகூட ஒருத்தரும் கழற்றுவதில்லை.

அந்தப் பெட்டிக்குள் கணக்குப் போடும் ப்ராசஸரும் படம் காட்டும் கிராபிக்ஸும் ஒரே சிப்பு. ரெண்டின் சூடும் ஒரே இடத்தில். காற்று போகாவிட்டால் சிப்புக்கு அடியில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். ஒன்று போனால் மற்றதும் போச்சு. பாதியை மட்டும் மாற்ற எந்தக் கொம்பனாலும் ஆகாது.

ஒருநாள் கவிதா என்கிற பெண், போன மாதம் அவன் சரிசெய்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"என்னத்தண்ணே பார்த்தீங்க? மறுபடி செத்துப்போச்சு. எங்க தெருவுல இனி ஒரு ஆளு உங்க கடைக்கு வரமாட்டாங்க."

உறை அப்படியே மேலே இருந்தது. மதுரைவீரன் அதைப் பிடுங்கினான். ஓடுகிற வேறொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

"அக்கா, எம்பொழப்பக் கெடுக்கத்தான் தைக்கிறீங்களா?"

"தூசி உள்ள போனா ஒனக்கு சந்தோசமா?"

"தூசியத் தட்டிடலாம்."

"தட்டிடலாமா? எம்புருசன் நெஞ்சுல இருந்தத எவன் தட்டுனான்?"

அவன் பெட்டியை அவர் தையல் மேசையில் வைத்து, உறையை மாட்டி ஓட விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி கைய வையுங்க" என்றான். வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மூச்சு முட்டுது அதுக்கு," என்றான். "அவருக்கு முட்டுன மாதிரிதான்."

சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு விண்ணரசி அவனோடு பேசவில்லை. கேம் பெட்டிக்கு உறை தைக்கவுமில்லை.

மழைக்காலத்தில் அவருக்கும் நெஞ்சு அடைத்தது. பெரியாஸ்பத்திரியில் போய் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிக்கு நான் தச்சுக் குடுத்ததெல்லாம் வூடு வூடாக் கெடக்கு. நான் போயிட்டா, செத்தவ ஞாபகம்னு ஒருத்தியும் கழட்டமாட்டா. நீயே போயிக் கழட்டு. ஏசுனா வாங்கிக்க, ஒனக்குத்தான் பழக்கமாச்சே."